ஸ்டைலும் பீட்டும் – கடிதம்

வணக்கம் சார்,

மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கிறேன். என்னிடம் இருப்பது யமஹா பி.எஸ்.ஆர்-எஸ்.எக்ஸ் 900. இப்போது பதிந்த ஒலிகளைத் தட்டி ஒலிக்கவைக்கும் சாம்பிளர் கருவியான ஆகாய் எம்.பி.சி. ஒன்-ஐயும் வாங்கியிருக்கிறேன். பறை, தவில், உடுக்கை சாம்பிள்களில் நானே செய்த பீட் ஓட வேண்டும். இடது கையில் கார்டை மாற்றினால் பேஸும் ஸ்ட்ரிங்ஸும் கீபோர்டு ஸ்டைலிலிருந்து (தானாக ஓடும் பக்கவாத்திய அமைப்பு) கூடவே மாற வேண்டும். இதுதான் ஆசை. மிடி கிளாக் (கருவிகளை ஒரே வேகத்தில் ஓட்டும் சமிக்ஞை) கொடுத்து இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டேன். ஸ்டைலின் முக்கியப் பகுதியான முதல் மெயின் வரை சரியாகப் போகிறது. ஃபில் (இடையில் வரும் சிறு திருப்பம்) அடித்துவிட்டுத் திரும்பினால் பீட் வேறு இடத்தில் நிற்கிறது. 6/8 பாட்டு வந்தால் இன்னும் குழப்பம். இரண்டும் ஒரே பெட்டியில் வருகிற கருவி இருந்தால் இவற்றை விற்றுவிட்டு அதை வாங்கிவிடலாமா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

விற்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் இரண்டும் இந்த வேலைக்குப் போதும். இணைத்த முறைதான் சரியில்லை.

ஃபில்லுக்குப் பிறகு பீட் ஏன் நழுவுகிறது என்று முதலில் பார்ப்போம். மிடி கிளாக் ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும். அதோடு ஸ்டார்ட், ஸ்டாப் செய்திகள் போகும். கீபோர்டு இப்போது மெயின் ஏ-யில் இருக்கிறதா, ஃபில்லில் இருக்கிறதா என்பது கிளாக்கில் கிடையாது. ஃபில் அந்த பாரின் (ஒரு தாளச் சுற்றின்) முடிவில் முடிந்ததும் ஸ்டைல் மெயினின் முதல் பாரிலிருந்து தொடங்கும். எம்.பி.சி. தன் போக்கில் எண்ணிக்கொண்டே போகும். இரண்டிலும் 4 பார் லூப் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2-வது பாரில் ஃபில் அடித்தால், கீபோர்டு 1-வது பாருக்குத் திரும்பும்போது எம்.பி.சி. 3-வது பாரில் இருக்கும். டெம்போ துளியும் பிசகியிருக்காது, ஆனால் பேஸ் ஒரு இடத்திலும் பறையின் திருப்பம் இன்னொரு இடத்திலும் விழும். எஸ்.எக்ஸ் 900-இல் ரீசெட்/டேப் டெம்போ பட்டனை ஓட்டத்தின் நடுவே தட்டினால் இதைவிட மோசம். ஸ்டைல் அந்தக் கணமே முதல் அடிக்குத் தாவிவிடும், எம்.பி.சி.க்கு அது தெரியாது. பாருக்குள்ளேயே அடி இடறும்.

எனவே இரண்டு லூப்களை அருகருகே ஓட்டி ஒத்துப்போகச் செய்யும் வழியை விட்டுவிடுங்கள். ஸ்டைலின் ரிதம் நோட்டுகளையே எம்.பி.சி.க்கு அனுப்பி, அங்கே உங்கள் சாம்பிள்களை ஒலிக்கவையுங்கள். எப்போது அடிப்பது என்பதைக் கீபோர்டு பார்த்துக்கொள்ளும், என்ன ஒலி என்பதை எம்.பி.சி. பார்த்துக்கொள்ளும். இன்ட்ரோ, ஃபில், பிரேக், எண்டிங் எல்லாம் ஸ்டைலில் உள்ளபடியே பறையிலும் தவிலிலும் வரும்.

கீபோர்டின் மிடி அவுட்டிலிருந்து எம்.பி.சி.யின் மிடி இன்னுக்கு 5 பின் கேபிள் ஒன்று. எஸ்.எக்ஸ் 900-இன் மிடி மெனுவில் டிரான்ஸ்மிட் பக்கத்துக்குப் போய் ரிதம் 1-ஐ 9-வது சேனலிலும் ரிதம் 2-ஐ 10-வது சேனலிலும் வையுங்கள். வலது கைப் பகுதிகள், ஸ்டைலின் மற்றப் பகுதிகளான பேஸ், கார்ட், பேட், ஃப்ரேஸ் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். இதைச் சோம்பலில் விட்டுவிடக் கூடாது. 5 பின் மிடியில் ஒரு நோட் போய்ச் சேர ஏறக்குறைய 1 மில்லி செகண்டு ஆகும். ஸ்ட்ரிங்ஸ், கிட்டார், பேஸ் எல்லாம் ஒரே அடியில் 10 நோட்டாக வரிசையில் நின்றால் கடைசியில் நிற்கும் டிரம் நோட் 10 மில்லி செகண்டு தாமதமாகும். வலது கை நோட்டுகள் போனால் மெலடி வாசிக்கும்போது பறை உருளும்.

அதே பக்கத்தில் ஒவ்வொரு சேனலுக்கும் எந்தெந்தச் செய்தி போக வேண்டும் என்று தேர்வு இருக்கும். நோட் மட்டும் இருக்கட்டும், கன்ட்ரோல் சேஞ்ச் (வால்யூம் போன்றவற்றை மாற்றும் செய்தி), புரோகிராம் சேஞ்ச் (ஒலியையே மாற்றும் செய்தி) வேண்டாம். காரணம், அடுத்து கீபோர்டு மிக்ஸரில் ரிதம் 1, 2 இரண்டின் வால்யூமையும் 0 ஆக்கப்போகிறீர்கள். அந்த 0 கன்ட்ரோல் சேஞ்சாகக் கேபிளில் போய் எம்.பி.சி. டிராக்கையும் ஊமையாக்கிவிடக் கூடாது. ரிதம் சேனலை ஆஃப் செய்தாலும் சத்தம் நிற்குமே என்று தோன்றும். ஆஃப் செய்தால் நோட்டுகளும் வெளியே போகாது, வால்யூமைத்தான் குறைக்க வேண்டும். வேறு ஸ்டைலுக்குப் போனால் பழைய வால்யூம் வந்துவிடும். ஆகவே ஸ்டைல் கிரியேட்டரில் 0 வைத்த நகலை யூசர் டிரைவில் சேமித்து, ரெஜிஸ்ட்ரேஷனில் (கீபோர்டு அமைப்புகளைச் சேமித்து அழைக்கும் நினைவகம்) அந்த நகலை அழையுங்கள்.

எம்.பி.சி. பக்கம் இரண்டு டிரம் டிராக் போதும். ஒன்று 9-வது சேனலையும் மற்றொன்று 10-வது சேனலையும் கேட்கட்டும். மானிட்டரை 'இன்' என்று வைத்தால் எந்த டிராக் திரையில் இருந்தாலும் இரண்டும் ஒலிக்கும். சீக்வென்ஸ் (எம்.பி.சி.யில் பதிந்துவைத்த ஓட்டம்) ஓடவே தேவையில்லை, கிளாக் வாங்குவதையும் நிறுத்திவிடலாம்.

இனி எம்.பி.சி.யில் தட்டும் கட்டங்களான பேடுகளுக்கு நோட் எண் கொடுக்க வேண்டும். எம்.பி.சி.யின் வழக்கமான அமைப்பில் ஏ01 பேட் 37, ஏ02 பேட் 36. ஸ்டைலின் கிக் பெரும்பாலும் 36-இல் வரும், ஸ்நேர் 38, மூடிய ஹை-ஹேட் 42, திறந்தது 46. 36-க்குத் தவிலின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்), 38-க்குப் பறையின் அடிக்குச்சி அடி, 42-க்குச் சுண்டுகுச்சியின் மெல்லிய அடி என்று கொடுத்துப் பாருங்கள். ஹை-ஹேட் நெருக்கமாக வரும் இடமெல்லாம் சுண்டுகுச்சி ஓட்டமாக மாறும்போது சாதாரண பாப் ஸ்டைலே தெருவில் இறங்கிவிடும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ரிதம் 1-இல் இந்தியத் தாளக் கருவிக் கிட் இருந்தால் எண்கள் கிட்டுக்குக் கிட் மாறும். அந்தக் கிட்டை வலது கையில் ஏற்றி ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். யமஹா மிடில் சி-யை சி3 என்று எண்ணும். அதனால் 36 அங்கே சி1.

இதைச் செய்ததும் மூன்று கோளாறுகள் வரக்கூடும். தொப்பி 'தொ' என்று வெட்டுப்பட்டு நின்றால், ஸ்டைலின் டிரம் நோட்டுகள் மிகக் குட்டையானவை என்று பொருள். விரலை எடுத்ததும் நிற்கும்படி பேட் இருக்கிறது, ஒன் ஷாட்டுக்கு (ஒருமுறை தட்டினால் ஒலி முழுவதும் வரும் முறை) மாற்றுங்கள். சுண்டுகுச்சி தையல் மெஷின் மாதிரி கேட்டால் ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டு மூன்று அடிகளைத் தனித்தனியாகப் பதிந்து லேயர்களில் போட்டு, லேயர் பிளேயைச் சைக்கிளில் வையுங்கள். தொப்பிக்கும் அடிக்குச்சிக்கும் அது வேண்டாம், அவற்றுக்கு வெலாசிட்டிப்படி (அடியின் அழுத்தத்தின்படி) மென்மை, பலம் என்று குறைந்தது 2 லேயர். மூன்றாவது, உங்கள் சாம்பிளின் தொடக்கத்தில் இருக்கும் மௌனம். அலை வடிவத்தைப் பெரிதாக்கி, அடி எழும் இடம்வரை வெட்டுங்கள். 15 மில்லி செகண்டு வெற்றிடம் இருந்தாலும் பறை எப்போதும் பேஸுக்குப் பின்னால் வரும்; கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை.

சில பாட்டுகளுக்கு லூப்பே வேண்டியிருக்கும். பத்துப் பேர் சேர்ந்து அடித்த பறை ஓட்டத்தைத் தனி அடிகளால் கட்ட முடியாது. அங்கே கிளாக் தேவை, கீபோர்டே மாஸ்டராக இருக்கட்டும். லூப்பை 1 பாருக்குள் அல்லது 2 பாருக்குள் வையுங்கள். 1 பார் லூப்புக்கு ஃபில்லால் நழுவல் கிடையாது. 2 பார் என்றால் ஃபில்லை இரட்டைப்படை பாரில் மட்டும் அடியுங்கள்.

லூப்பை வார்ப் செய்து டெம்போவோடு இழுக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் கிளாக் முழுச் சீராக இருக்காது, எம்.பி.சி. திரையில் டெம்போ 99.9, 100.1 என்று ஆடும். அந்த ஆட்டத்துக்கெல்லாம் ஆடியோ நீண்டு சுருங்கும்போது அடியின் முனை மழுங்கும். துண்டு போடுங்கள். 100 டெம்போவில் 4/4-இல் 2 பார் என்பது 4.8 செகண்டு. 16 துண்டாக்கினால் துண்டுக்கு 0.3 செகண்டு. டெம்போவை 110 ஆக்கினால் ஒவ்வொரு துண்டின் வாலிலும் சுமார் 27 மில்லி செகண்டை அடுத்த துண்டு வெட்டிவிடும், காதுக்கு உறுத்தாது. ஆனால் துண்டுகளை ஒரே மியூட் குரூப்பில் (ஒன்று ஒலித்தால் மற்றது நிற்கும் குழு) போட மறந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். 90 ஆக்கினால் 33 மில்லி செகண்டு இடைவெளி விழுந்து விட்டு விட்டுக் கேட்கும். எனவே நீங்கள் வாசிக்கப்போகும் மிகக் குறைந்த டெம்போவிலேயே லூப்பைப் பதிவு செய்யுங்கள்.

6/8 குழப்பத்துக்கு வருவோம். 4/4-இல் ஒரு பாருக்கு 96 துடிப்பு, 6/8-இல் 72. எம்.பி.சி. சீக்வென்ஸை 4/4-இலேயே விட்டிருந்தால் பார் கோடு ஒவ்வொரு முறையும் 24 துடிப்பு தள்ளிப்போகும். 4 பாருக்கு ஒருமுறை 288-இல் இரண்டும் சேரும், அதனால் இடையிடையே சரியாகிவிட்டதுபோலத் தோன்றும். சீக்வென்ஸை 6/8 ஆக்கினால் தீர்ந்தது. 6/8-இல் திரையின் டெம்போ எண் நீங்கள் தட்டும் வேகத்திலிருந்து வேறாகத் தெரிந்தால், அதற்கும் காரணம் உண்டு. காலால் நீங்கள் தட்டும் ஒரு அடியில் மூன்று எட்டாம் நோட்டு இருக்கிறது, கிளாக் கால் நோட்டைத்தான் எண்ணும். நிமிடத்துக்கு 90 தட்டினால் திரையில் 135. சில ஸ்டைல்கள் கேட்க 6/8 போலிருந்தாலும் 4/4-இல் ட்ரிப்ளெட்டாக (ஒரு அடியை மூன்றாகப் பிரித்து) செய்யப்பட்டவை. ஸ்டைலின் பீட் அளவைத் திரையில் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை: நாதஸ்வரம், பேஸ் போன்ற சுருதி உள்ள லூப்களை எம்.பி.சி.யில் வைக்காதீர்கள். உங்கள் இடது கை சி-யிலிருந்து எஃப்-க்குப் போனது அதற்குத் தெரியாது. ஸ்டைலின் பேஸ், கார்ட் சேனல்கள் சி மேஜர் 7-ஐ மூலமாக வைத்துப் பதியப்பட்டவை. எந்த நோட்டை எப்படி மாற்றுவது என்ற விதிகள் ஸ்டைல் ஃபைலுக்குள்ளேயே இருக்கின்றன. அந்த வேலையை அங்கேயே விடுங்கள்.

ஒரே பெட்டி பற்றிக் கேட்டீர்கள். இந்த எண்ணம் பழையது. 1997-இல் வந்த யமஹாவின் கையடக்க க்யூ.ஒய். 70-லேயே கார்டுக்கு ஏற்ப மாறும் பேட்டர்னும் சீக்வென்ஸரும் சேர்ந்திருந்தன. கெட்ரான் கீபோர்டுகளில் ஆடியோ டிரம் (உண்மையாக வாசித்துப் பதிந்த டிரம் ஓட்டம்) உண்டு. ஆனால் உங்கள் பறையை அங்கே கொண்டுபோகும் உழைப்பு இங்கே ஆகும் உழைப்பைவிடக் குறையாது. அதற்குப் பதில், எம்.பி.சி.யில் கிட் பிடித்தமாக அமைந்ததும் அதே வேவ் ஃபைல்களை யமஹா எக்ஸ்பான்ஷன் மேனேஜர் என்ற கணினி மென்பொருளில் டிரம் கிட்டாக்கி எஸ்.எக்ஸ் 900-க்குள்ளேயே ஏற்றலாம். ஸ்டைல் கிரியேட்டரில் ரிதம் சேனலுக்கு அந்தக் கிட்டைக் கொடுத்துவிட்டால், சின்ன மேடைகளுக்கு எம்.பி.சி.யைத் தூக்கிப்போக வேண்டாம். புதிய பேக் ஃபைலை (அந்த மென்பொருள் செய்து தரும் ஒலித் தொகுப்பு) ஏற்றும்போது முன்பு ஏற்றியவை அழிந்துவிடும். வேண்டிய பேக்குகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஃபைலாகச் செய்து ஏற்றுங்கள்.