தடயவியல் படிக்கப்போகிறேன் என்ற மகளுக்கும், தூக்கம் தொலைத்த அம்மாவுக்கும்

அம்மா,

போன கிழமை களுவாஞ்சிகுடியில் இருந்து பஸ் ஏறி, மகளின் படிப்புக்கு ஆலோசனை கேட்டு வந்து என் மேசைக்கு முன்னால் இருந்தீர்கள். கேட்ட முதல் கேள்வியே, "பொம்பிளப் பிள்ள பிணத்தோட நிக்கிற வேலைக்குப் போறதா சேர்?" என்பதுதான். மகள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். வெளியில் இன்னும் நாலைந்து பேர் காத்துக்கொண்டு நின்றதால் அன்றைக்கு முழுதாகப் பேச முடியவில்லை. அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். மகளும் வாசிக்கட்டும். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வேறு வீடுகளிலும் இதே கேள்வி இருக்கிறது, அவர்களுக்கும் உதவும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். டிவி தொடரில் ஒரே ஆள் கொலை நடந்த வீட்டுக்குப் போவார், தடயம் எடுப்பார், இரவோடு இரவாக லாபில் சோதிப்பார், விடிய குற்றவாளியைப் பிடிப்பார். எங்கள் இலங்கையில் அப்படி ஒரு உத்தியோகம் இல்லை. அந்த ஒரு ஆளின் வேலையைப் பல பேர் பிரித்துச் செய்கிறார்கள். சம்பவ இடத்துக்குப் போய் படம் எடுத்து, கைரேகை எடுத்து, பொருட்களைப் பொதி செய்பவர்கள் பொலிஸ் திணைக்களத்தின் குற்றத்தடயவியல் பிரிவினர். 'சோகோ பொலிஸ்' (SOCO, குற்றம் நடந்த இடத்தை ஆராயும் உத்தியோகத்தர்) என்று செய்தியில் வருவது இவர்களைத்தான். உடலைப் பரிசோதிப்பவர் சட்ட வைத்திய அதிகாரி, அவர் ஒரு டொக்டர். இரத்தம், நஞ்சு, போதைப்பொருள் எல்லாவற்றையும் சோதிப்பது கொழும்புப் பக்கம் பத்தரமுல்லை, பெலவத்தையில் உள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம். இவர்களுக்கு நடுவில் நீதவான் இருக்கிறார். அவருடைய கட்டளையில்லாமல் கொலை நடந்த இடத்தில் இருந்து உடல் நகராது. ஆகவே மகள் 'தடயவியல்' என்று சொல்லும்போது இதில் எந்தக் கதவைச் சொல்கிறாள் என்று கேட்க வேண்டும். நான் கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. பதினெட்டு வயதில் தெரியாமல் இருப்பது குற்றமில்லை.

என்னிடம் ஆலோசனைக்கு வந்துபோன ஒரு தம்பி இப்போது பொலிஸில் அந்தப் பிரிவில் இருக்கிறார். அவர் சொன்ன ஒரு நாளை அப்படியே சொல்கிறேன். ஊர்க் கோயில் ஒன்றில் உண்டியல் உடைப்பு. இவர் போய்ச் சேரக் காலை எட்டு மணி. அதற்குள் ஐயர், வண்ணக்கர் (கோயில் பொறுப்பாளர்), நிர்வாக சபைக்காரர், தெருவால் போன சனம் என்று இருபது முப்பது பேர் உள்ளே போய் உண்டியலைத் தொட்டுப் பார்த்தாயிற்று. சிதறிக் கிடந்த சில்லறையை ஒருவர் நல்ல மனதோடு பொறுக்கித் தட்டில் வைத்துவிட்டார். முதலில் எல்லாரையும் மரியாதையாக வெளியே எடுக்க வேண்டும். கயிறு கட்ட வேண்டும். மண்டபத்தின் நாலு மூலையில் இருந்தும் படம், பிறகு உண்டியலுக்குக் கிட்ட நின்று படம், பிறகு உடைந்த இடத்தில் அளவுகோலை வைத்து மிகக் கிட்டப் படம். அதுவரைக்கும் எதையும் தொடக் கூடாது.

அப்புறம்தான் தூரிகை. உண்டியலின் மேற்பக்கம் முழுக்க விபூதியும் எண்ணெயும். அங்கே பவுடர் போட்டால் எல்லாம் ஒரே அப்பலாகிப் போகும். தம்பி கொஞ்ச நேரம் சும்மா நின்று யோசித்திருக்கிறார். நேர்த்திக்குக் காசு போடுகிறவர் கை எங்கே படும், நெம்பித் திறந்தவன் கை எங்கே படும்? நெம்பிய மூடியின் உட்பக்கத்தில் பக்தர் கை படாது. அங்கே தூரிகையின் நுனி மட்டும் படுகிற மாதிரி மெதுவாகச் சுழற்றியதில் ஒரு பெருவிரலும் உள்ளங்கையில் பாதியும் எழும்பியது. அதை ஒட்டுநாடாவால் எடுத்து அட்டையில் ஒட்டி, திகதி, நேரம், இடம், இலக்கம் எழுதிக் கையெழுத்து வைத்தார். பிறகு வண்ணக்கரிடமும் ஐயரிடமும் கைரேகை கேட்க வேண்டும். அவர்களுடைய ரேகையை ஒதுக்கினால்தான் மிஞ்சுவது யாருடையது என்று பார்க்கலாம். "எங்களையே சந்தேகப்படுறீங்களா?" என்று வண்ணக்கர் கோபித்துக்கொண்டார். அவரை இருத்தி வைத்து விளங்கப்படுத்தியதற்கு அரை மணித்தியாலம். ஒரு ரேகைக்கு மூன்று மணித்தியாலம் போனது, மத்தியானத்துக்குப் பிறகு பொழுதுபடும்வரை எழுத்து வேலை.

அம்மா, இதுதான் அந்த வேலையின் சாதாரண நாள். வீடு உடைப்பு, கடை உடைப்பு, காணாமல் போன மோட்டார் சைக்கிள், வாவியில் மிதந்து வந்த உடல், வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமும் அம்பாறைப் பக்கமும் யானை அடித்த மரணம். கொலை அதில் ஒரு பங்குதான்.

எங்கள் மண்ணுக்கென்று சில சிக்கல்களும் உண்டு. கார்த்திகை, மார்கழியில் அடைமழை. மண்ணில் பதிந்த காலடியோ டயர் தடமோ அரை மணித்தியாலத்தில் கரைந்துவிடும். பக்கத்து வீட்டில் ஒரு பேசினை வாங்கிக் கவிழ்த்து மூடிவிட்டு, மழை விட்ட பிறகு அச்சுச் சாந்து (பிளாஸ்டர் ஒஃப் பரிஸ் போன்றது) ஊற்றி எடுக்க வேண்டி வரும். வெயில் காலத்தில் புழுக்கம். இரத்தம் பட்ட சாரனை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடித்து, உள்ளே இருக்கும் டிஎன்ஏ கெட்டுப்போகும். அதனால் காற்றில் உலர்த்திக் கடதாசிப் பையில்தான் வைப்பார்கள். நல்ல எண்ணத்தில் ஷொப்பிங் பையில் போட்டுக் கட்டிக்கொடுத்த ஒரு துணியாலேயே ஒரு வழக்கு பலவீனப்பட்டுவிடலாம்.

காத்திருப்பும் இருக்கிறது. சந்தேகமான மரணம் என்றால் நீதவான் வந்து பார்க்கும்வரை உடல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். தாய் தகப்பன் வாசலில் நின்று குழறுவார்கள். காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் என்றால் ஜனாஸாவை அன்றைக்கே அடக்க வேண்டும் என்று குடும்பம் கேட்டுக்கொண்டே நிற்கும், அது நியாயமான கேள்வி. எங்கள் ஆட்களும் பொழுதுபட முதல் எடுக்க வேண்டும் என்பார்கள். கோபம் எல்லாம் கயிறு கட்டி நிற்கிற அந்த உத்தியோகத்தர் மேல்தான் வரும். அவர் திருப்பிக் கத்தக் கூடாது, கயிற்றையும் அவிழ்க்கக் கூடாது. இந்தப் பொறுமை உங்கள் மகளிடம் இருக்கிறதா என்பது, இரத்தத்தைப் பார்த்து அவள் மயங்குவாளா என்பதைவிடப் பெரிய கேள்வி. இரத்தம் பழகிவிடும் என்று அந்தத் தம்பி சொன்னார். அவருக்குப் பழகாமல் நிற்பது வேறு. ஒரு வீட்டில் அடுப்பில் பாதி வெந்தபடி இருந்த சோற்றுப் பானை. அதையும் அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டியிருந்ததாம். இப்படியான நினைவுகளை ஆரிடமாவது சொல்லி இறக்கப் பழகாதவர்கள் இதில் வதங்கிப் போகிறார்கள். மகள் வீட்டில் உங்களோடு மனம் விட்டுப் பேசுகிற பிள்ளையா? அப்படியென்றால் பாதிப் பயம் குறையலாம்.

பிணம், பிணம் என்று நீங்கள் பயப்படுவதால் ஒரு பழைய சம்பவத்தை ஞாபகப்படுத்துகிறேன். 2004 சுனாமியில் கல்முனையில் இடிபாடுகளுக்குள் ஒரு ஆண் குழந்தை உயிரோடு கிடைத்தது. கல்முனை ஆஸ்பத்திரியில் 81ஆம் இலக்கத்தில் அனுமதித்தார்கள். குழந்தைக்குப் பலர் உரிமை கேட்டதாக உலகம் முழுக்கச் செய்தி வந்தது. பெற்றோர் யார் என்று கல்முனை நீதிமன்றம் டிஎன்ஏ பரிசோதனைக்குக் கட்டளையிட்டது. 2005 பெப்ரவரியில் முடிவு வந்து, பிள்ளை பெற்ற தாயின் கைக்குப் போனது. அதுவும் தடயவியல்தான். அதே கரையில் சாய்ந்தமருதில், ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு 2019 ஏப்ரல் 26 குண்டு வெடித்த வீட்டில் இறந்தவர்களை அடையாளம் காண, புதைத்த உடல்களைத் தோண்டி எடுத்து டிஎன்ஏ பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. ஒரே விஞ்ஞானம், ஒன்றில் சில கிழமைகளில் விடை, மற்றதில் வருடக்கணக்கு.

சரி, வழிக்கு வருவோம்.

பொலிஸ் கதவு: நேராகத் தடயவியல் பிரிவுக்கு விண்ணப்பிக்க முடியாது. வர்த்தமானியில் அழைப்பு வரும்போது கொன்ஸ்டபிளாகவோ உப பொலிஸ் பரிசோதகராகவோ சேர்ந்து, பயிற்சி முடித்து, பொதுக் கடமை பார்த்து, பிறகுதான் அந்தப் பிரிவுக்குத் தெரிவாகிப் பயிற்சி எடுக்கலாம். வயது எல்லை, உயரம், உடற்தகுதி எல்லாம் அந்த வர்த்தமானியிலேயே இருக்கும், ஆரோ சொன்னதை நம்பாமல் அதை வாசியுங்கள். சீருடை, இரவுக் கடமை, இடமாற்றம் மூன்றுக்கும் மனம் ஒப்பினால்தான் இந்த வழி.

பகுப்பாய்வாளர் கதவு: விஞ்ஞானப் பட்டம் வேண்டும், அதிலும் இரசாயனம் பலமாக இருக்க வேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடமும், சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் வீட்டில் இருந்தே போய் வரக்கூடிய தூரம். பட்டத்துக்குப் பிறகு போட்டிப் பரீட்சை, நேர்முகப் பரீட்சை. இடங்கள் குறைவு, அழைப்பும் அடிக்கடி வராது. வேலை கிடைத்தால் சம்பவ இடத்தில் நிற்பதைவிட லாபில் நிற்பதுதான் அதிகம். கசிப்பு, ஹெரோயின், ஐஸ், வயிற்றில் இருந்த நஞ்சு, சுரண்டி அழித்த எஞ்சின் இலக்கம், கடையில் பிடித்த கலப்பட உணவுகூட அங்கேதான் போகிறது. இருப்பு கொழும்புப் பக்கம். மட்டக்களப்பில் இருந்து 300 கிலோமீற்றருக்கு மேல், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வைத்தியக் கதவைப் பற்றித்தான் உங்களிடம் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். வழி நீளம். மருத்துவப் பட்டம், உள்ளகப் பயிற்சி, அதற்குப் பிறகு கொழும்புப் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் ஊடாகச் சட்ட மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி. ஆனால் சட்ட வைத்திய அதிகாரியின் அறைக்கு முன்னால் ஒரு காலை வேளை போய்ப் பாருங்கள். வாங்கில் இருப்பவர்கள் உயிரோடு இருப்பவர்கள். அடிபட்டவர், விபத்தில் காயப்பட்டவர், புருஷனிடம் அடி வாங்கிய பெண், வல்லுறவுக்கு ஆளான சிறுமி. பிரேதப் பரிசோதனையைவிட இந்தப் பரிசோதனைகள்தான் எண்ணிக்கையில் கூட. அந்தச் சிறுமி கதவைத் திறந்து உள்ளே போகும்போது, அவளுடைய பாஷையில் "வா மகள், இரு" என்று சொல்ல ஒரு பெண் டொக்டர் அங்கே இருந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம்! பொம்பிளப் பிள்ளைக்கு இந்த வேலை சரியா என்று கேட்டீர்கள். பொம்பிளப் பிள்ளைகள் இல்லாமல் இந்த வேலையின் ஒரு பெரும் பகுதியை ஒழுங்காகச் செய்யவே முடியாது, அம்மா.

மருத்துவத்துக்கு இஸட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் புள்ளி) போதாமல் போனால் மற்றக் கதவுகள் மூடிவிடாது. அதற்காகக் காசு கட்டி 'தடயவியல் டிப்ளோமா' செய்ய உடனே ஓடாதீர்கள். பேஸ்புக் விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டும் பூதக்கண்ணாடியும் காட்டினால் அது வேலைக்கான தகுதி ஆகிவிடாது. அந்தச் சான்றிதழை எந்த அரச நியமனத்துக்கு ஏற்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இந்தியாவில் குஜராத் காந்திநகரில் தடயவியலுக்கென்றே ஒரு தேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்திய அரசின் புலமைப்பரிசில்களும் இலங்கைப் பிள்ளைகளுக்கு உண்டு. ஆனால் அங்கே படிக்கப் போகிறவர் முதலில் எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டி கட்ட வேண்டும்.

பாஷையைப் பற்றி ஒரு சொல். வடக்குக் கிழக்கு நீதிமன்றங்களில் தமிழில் வழக்கு நடக்கிறது. திணைக்களங்களின் உள்வேலை பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் எழுதும் அறிக்கையில் பிழை குறைவாக இருக்கும். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் மகளைச் சிங்கள வகுப்புக்கு அனுப்புங்கள். எந்தக் கதவால் போனாலும் அது வீண் போகாது.

இனி மகளுக்கு. தங்கச்சி, அன்றைக்கு அம்மாவோடு பேசிக்கொண்டு இருந்தபோது உன்னிடம் ஒரு தாளைத் தந்து, என் மேசையில் கண்டதை எழுதச் சொன்னேன். நீ முதல் வரியில் "சேர் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளாஸை வைத்திருக்கிறார்" என்று எழுதியிருந்தாய். நான் குடித்ததை நீ கண்டாயா? நீ கண்டது அடியில் ஒரு விரல் அளவு தேத்தண்ணி உள்ள ஒரு கிளாஸ், விளிம்பில் ஒரு ஈ, பக்கத்தில் ஈர வளையம். குடித்தது பக்கத்து அறை உத்தியோகத்தர். சிரிக்க வேண்டாம், இந்த ஒரு இடத்தில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. கண்டதை ஒரு பக்கம், நினைத்ததை இன்னொரு பக்கம் எழுதத் தெரிய வேண்டும். நாலைந்து வருடம் கழித்து எதிர்த்தரப்பு சட்டத்தரணி எழுந்து, "கிளாஸ் மேசையின் எந்தப் பக்கத்தில் இருந்தது?" என்று கேட்பார். அப்போது நீ வேறு ஊருக்கு மாற்றலாகியிருப்பாய், இரவு பஸ்ஸில் வந்து கூண்டில் நிற்பாய், முகங்கள்கூட மறந்திருக்கும். உன் கையெழுத்தில் உள்ள குறிப்புத்தான் அங்கே பேசும். ஒரு வரி பிழைத்தால் குற்றம் செய்தவன் தப்பலாம், அதைவிட மோசமாக, செய்யாத ஒருவன் உள்ளே போகலாம்.

அதனால் இப்படிச் செய். பதினான்கு நாளைக்கு, நாளுக்கு ஒரு இடம். குசினி, கிணற்றடி, பஸ் தரிப்பிடம், எதுவாக இருந்தாலும் சரி. பத்து நிமிடம் பார்த்து, கண்டதை மட்டும் எழுது. அளவு, நிறம், திசை, நேரம். அன்றைக்கு எழுதியதை மறுநாள் திருத்தக் கூடாது. பிழை கண்டால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து வை, அழிறப்பர் பாவிக்காதே. ஐந்தாம் நாளிலேயே சலிப்புத் தட்டினால் அதை மறைக்காமல் அம்மாவிடம் சொல். உயிரியல் படித்த பிள்ளைக்குச் செய்ய வேறு நல்ல வேலைகள் எத்தனையோ இருக்கின்றன, அதையும் இருந்து பேசுவோம்.

அம்மா, நீங்களும் ஒன்று செய்ய வேண்டும். நீதிமன்றத்தில் திறந்த மன்றில் நடக்கும் வழக்கை யாரும் பின்வரிசையில் இருந்து பார்க்கலாம். ஒரு வேலை நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு போய், பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் சாட்சி சொல்லும்போது ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள். போனை நிறுத்தி வையுங்கள். அது முடிந்து, பதினான்கு தாள்களும் நிரம்பிய பிறகு வாருங்கள். திங்கட்கிழமைகளில் சனம் கூட, புதன் காலை நல்லது. தாள்களைப் புதிதாகப் பிரதி எடுக்காமல், எழுதினபடியே கொண்டு வரச் சொல்லுங்கள்.