முடக்குக்கு முடக்கு ஹோர்ன் – கடிதம்

அன்பின் ஐயா,

போன மாதம் வெள்ளவத்தையிலிருந்து கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்குக் காரில் வந்தேன். கொழும்பு இரைச்சல் இல்லாமல் நாலு நாள் இருக்கலாம் என்ற ஆசை. இங்கேயோ மலை ரோட்டு வளைவுகளில் முடக்குக்கு முடக்கு ஹோர்ன். திரும்பும்போது கண்டி வழியாகப் போனேன், அங்கே இன்னும் மோசம். இதைத் தடை செய்தால் என்ன?

ஆர்.

அன்பின் ஆர்.,

கண்டியைப் பற்றி மறுபேச்சில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் முன்னால் நிற்கும் பஸ் நகர வழியில்லை என்று தெரிந்தும் பின்னால் நிற்பவர் ஹோர்னிலிருந்து கையை எடுக்கமாட்டார். வெறும் எரிச்சல் அது. (பீத்தோவன் இசையை ஒலிக்கவிட்டுப் பாண் விற்று வரும் சூன் பாண் ஆட்டோவை மட்டும் நான் மன்னித்துவிடுவேன்.)

கினிகத்தேனையில் நீங்கள் கேட்டது வேறு. லேலண்ட் பஸ் கொண்டை ஊசி முடக்கில் தன் பக்கத்துக்குள்ளேயே திரும்பாது. எதிர்ப்பக்கம் வரை மூக்கை வீசித்தான் வளையும். எதிரே வருபவரை மண்மேடு மறைத்திருக்கும். அதனால்தான் முடக்குக்கு முன்பே அந்த நீட்டு ஹோர்ன்: "முழு ரோட்டும் எனக்கு வேணும், அங்கேயே நில்லு." கீழிருந்து பதில் ஹோர்ன் வந்தால் இறங்குகிறவர் ஒதுங்குவதுதான் மரியாதை. பாரத்தோடு ஏறுகிற வண்டி நடு ஏற்றத்தில் நின்றால் மறுபடி எடுப்பது பெரும்பாடு. இடம் கிடைத்துக் கடக்கும்போது சின்னதாக ஒரு தட்டுத் தட்டுவார், அது நன்றி. உங்களுக்கு அது திட்டாகக் கேட்டிருக்கும். பனிமூட்டத்தில் லைட் போட்டாலும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். கொண்டக்டர் புட்போட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு வருவார்.

தேயிலைத் தோட்டத்துக்குள் வரும் காலை பஸ்ஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஹோர்ன் கேட்டதும் மேலே பாதி தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சனம் குறுக்குப்பாதையில் ஓடி இறங்கும். ஒரு ஹோர்னுக்கு ஆள் வராவிட்டால் இன்னொன்று அடித்துப் பார்த்துத்தான் பஸ்ஸை எடுப்பார்கள். இன்றைக்கு எந்த டிரைவர் என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தடை செய்வதென்றால் எயார் ஹோர்னைச் செய்யட்டும், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். எதிர்மலையில் மோதித் திரும்பும் அந்த அலறலில் பஸ் அடுத்த முடக்கில் நிற்கிறதா, மூன்று முடக்குத் தள்ளி வருகிறதா என்று பிடிபடாது.

அடுத்த தடவை வந்தால் பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். முடக்கில் நீங்களும் ஒன்று அடியுங்கள். சத்தமே இல்லாமல் வரும் கொழும்புக் காருக்குத்தான் எங்கள் டிரைவர்மார் பயம்.