மீன்முள் வினையூக்கியில் பியூட்டனால் ஏன் வரவில்லை?

கேள்வி: பாம்பன் கருவாட்டுக் களத்தில் கிடைத்த சீலா மீன்முள்ளை 900 டிகிரி செல்சியஸில் நான்கு மணி நேரம் சுட்டு, எத்தனாலை பியூட்டனாலாக மாற்றிப் பார்த்தோம். 420 டிகிரியில் வருவது எல்லாம் எத்திலீன்தான். எங்கே தவறு? – கல்லூரி மாணவி, கீழக்கரை

பதில்: எத்திலீன் கொட்டுகிறது என்றால் உங்கள் தூளில் அமிலத் தளங்கள் (தூளின் பரப்பில் அமிலம்போல் செயல்படும் இடங்கள்) மிஞ்சிவிட்டன, வெப்பமும் அதிகம். எத்தனால் ஹைட்ரஜனை இழந்து அசிட்டால்டிஹைடு ஆக வேண்டும். அதில் இரண்டு மூலக்கூறுகள் கூடி, நீர் பிரிந்து, மீண்டும் ஹைட்ரஜன் ஏறினால்தான் பியூட்டனால். இரண்டு மூலக்கூறுகளும் கூடும் படிக்குக் காரத் தளம் கட்டாயம்.

மீன்முள்ளின் கனிமம் ஹைட்ராக்ஸி அபடைட். அதில் கால்சியம்–பாஸ்பரஸ் மோல் விகிதம் 1.67. பல மீன்களின் முள்ளில் கால்சியம் இதைவிடக் குறைவு. அப்படிப்பட்ட முள்ளை 900-ல் சுட்டால் ஒரு பகுதி பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட்டாகிவிடும் (விகிதம் 1.50, அமிலத்தன்மை கூடியது). துகள்களும் இறுகி, பரப்பளவு போய்விடும். எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு வளைவுச் சோதனை) எடுத்துப் பாருங்கள்: 31.8 டிகிரி கோணத்தில் அபடைட்டின் முகடு, 31.0-ல் டிரைகால்சியம் பாஸ்பேட்டின் முகடு. கருவாட்டு முள் என்பதால் உப்பும் உண்டு. சுடும்போது குளோரைடு அபடைட்டின் ஹைட்ராக்சில் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் பச்சை மீனின் முள்ளே நல்லது. எந்த முள்ளானாலும் வேகவைத்துச் சதை நீக்கி, கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் விட்டாலும் கலங்காத நிலை வரும் வரை நன்னீரில் அலசுங்கள்.

வெறும் சுட்ட தூளை நம்புவதைவிட, கரைத்து மீண்டும் வீழ்படிவாக்குவதையே பரிந்துரைப்பேன். 600 டிகிரியில் வெள்ளையாகும் வரை சுட்ட சாம்பல் 10 கிராமை 2 மோலார் நைட்ரிக் அமிலம் 100 மில்லியில் கரைத்து வடிகட்டுங்கள். கால்சியம், பாஸ்பரஸ் அளவைச் சோதித்து, குறையும் கால்சியத்தைச் சேருங்கள். விகிதம் 1.50 என்று வந்தால் கிளிஞ்சல் தூள் 1.1 கிராம் போதும், நுரைத்துக் கரையும். (பவளத்தைத் தொடாதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம்.) இந்தக் கரைசலை 80 டிகிரியில் கலக்கப்படும் அம்மோனியா நீரில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பி.எச். 10-க்குக் கீழே இறங்கவே கூடாது. இறங்கினால் மறுபடியும் கால்சியம் குறைந்த அபடைட்தான் விழும். ஓர் இரவு வைத்து, நைட்ரேட் முழுவதும் போகக் கழுவுங்கள். இதில் சோம்பல் கூடாது: தங்கும் அம்மோனியம் நைட்ரேட் சூளையில் வெடிக்கக்கூடும். பிறகு 110-ல் உலர்த்தி, 600-ல் சுடுங்கள்.

கடற்கரைக் காற்றில் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் காரத் தளங்களை மூடிவிடும். அதனால் தூளை வினைக்குழாயில் நிரப்பியபின் நைட்ரஜனில் 400 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, 300-க்கு இறக்கியே எத்தனாலை விடுங்கள். நீர் கலந்த ரெக்டிஃபைடு ஸ்பிரிட் வேண்டாம். 3ஏ மூலக்கூறு சல்லடையில் (நீரை மட்டும் உறிஞ்சும் நுண்துளை மணிகள்) உலர்த்திய எத்தனாலே சரி. வெளியேறும் வாயுவில் ஹைட்ரஜன் இருக்கும், புகைக்கூண்டுக்குள் விடுங்கள். அசிட்டால்டிஹைடு 20 டிகிரியிலேயே கொதிக்கும். பனிக்கட்டிப் பொறி (ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் கலம்) இல்லாவிட்டால் கணக்கில் வராமல் பறந்துவிடும்.

அசிட்டால்டிஹைடு மிகுந்தால் எத்தனால் ஓட்டத்தைக் குறையுங்கள். எத்திலீன் மிகுந்தால் கால்சியம்–பாஸ்பரஸ் விகிதத்தை மறுபடி பாருங்கள். எத்தனாலின் மாற்றம் 15 சதவீதம் அளவில் இருந்தால் சோர வேண்டாம். பியூட்டனால் பங்கு உயர்வாகக் கிடைப்பது அந்த எல்லையில்தான். அதற்கு மேல் இழுத்தால் பியூட்டனாலே மீண்டும் வினைபுரிந்து ஹெக்சனாலாகவும் ஆக்டனாலாகவும் நீளும்.