டீச்சரைக் கேளுங்கள்: ஜாமெட்ரிக்கு இரண்டு மொழியும் வேண்டும்

கேள்வி: என் மகன் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தான். கணக்கில் நல்ல மார்க் வாங்குவான். இந்த வருஷம் எட்டாவதுக்கு இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தோம். ஜாமெட்ரி வகுப்பில் ஒன்றுமே புரியவில்லை என்று அழுகிறான். தமிழில் படித்ததையெல்லாம் மறந்தால்தான் இங்கிலீஷ் ஏறும் என்று அங்கே சொல்கிறார்களாம். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. நான் என்ன செய்ய முடியும்?
– ஒரு தாய், 90 அடி ரோடு, தாராவி

பதில்: அம்மா, எதையும் மறக்க வேண்டாம் என்று இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள். தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பல காலம் கணக்கு எடுத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். 90 பாகைக்குக் குறைந்தால் குறுங்கோணம், 90-ஐத் தாண்டி 180-க்குள் இருந்தால் விரிகோணம் என்பது உங்கள் மகனுக்கு நன்றாகத் தெரியும். அக்யூட், அப்ட்யூஸ் என்ற பெயர்கள்தான் அவனுக்குப் புதிது. பழைய பெயரை மறக்கச் சொன்னால் அதோடு சேர்ந்து அவனுக்குத் தெரிந்த கணக்கும் போய்விடும்.

நம் தமிழ்ப் பாடநூல் பெயர்கள் பெரும்பாலும் தம்மைத் தாமே விளக்கிக்கொள்பவை. இருசமபக்க முக்கோணம் என்று கேட்டாலே படம் வந்துவிடும். ஐசோசலஸ் கிரேக்கத்திலிருந்து வந்த சொல். இங்கிலீஷே வீட்டுமொழியாக உள்ள பிள்ளையும் அதை நெட்டுருப் போட்டுத்தான் ஆகவேண்டும். உங்கள் மகன் கையில் அதன் பொருள் ஏற்கெனவே இருக்கிறது. வட்டத்தில் வில், நாண் என்று படித்திருப்பான். இங்கிலீஷில் ஆர்க், கார்ட். அவற்றின் லத்தீன் வேர்களுக்கும் வில், நாண் என்றே பொருள். ரேடியஸ் என்றால் லத்தீனில் சக்கரத்தின் ஆரக்கால், நாம் சொல்லும் ஆரமும் அதுதான். இதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் முகம் மலர்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி முக்கியமான விஷயம். பிள்ளைகள் தடுக்கி விழுவது வடிவங்களின் பெயரில் இல்லை. ஸ்கொயர், சர்க்கிள், ட்ரையாங்கிள் எல்லாம் பால்வாடியிலேயே வந்துவிடும். கேள்வித்தாளில் அவனை நிறுத்துவது வினைச்சொல். முக்கோணத்தில் பி-சி என்ற பக்கம் டி வரை 'ப்ரொட்யூஸ்ட்' என்று இருக்கும். அகராதியில் பார்த்தால் உற்பத்தி என்று வரும். ஜாமெட்ரியில் அதற்கு நீட்டுவது என்று பொருள். பக்கத்தை நீட்டினால்தான் வெளிக்கோணம் கிடைக்கும், அது உள்ளெதிர்க் கோணங்கள் இரண்டின் கூடுதலுக்குச் சமம் என்ற தேற்றமும் கிடைக்கும். அந்த ஒரு சொல் தெரியாததால் தேற்றம் முழுக்கத் தெரிந்த பிள்ளை வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வருகிறான். எனக்கு மனசு ஆறாத இடம் இது.

அதேபோல 'பைசெக்ட்' என்றால் இரு சமக்கூறாக்குவது, 'இன்டர்செக்ட்' என்றால் வெட்டிக்கொள்வது. 'ரெஸ்பெக்டிவ்லி' என்றால் முறையே. 'இன்க்ளூடட் ஆங்கிள்' என்றால் இரண்டு பக்கங்களுக்கு நடுவில் அடைபட்ட கோணம். 'கரஸ்பாண்டிங்' இரண்டு இடத்தில் வரும்: இணைகோடுகளைக் குறுக்குவெட்டி வெட்டும்போது உண்டாகும் ஒத்த கோணங்கள், சர்வசம முக்கோணங்களில் ஒன்றுக்கொன்று பொருந்தும் ஒத்த பக்கங்கள். தேற்றம் எழுதும்போது 'கிவன்', 'டு ப்ரூவ்', 'ப்ரூஃப்' என்ற மூன்று தலைப்பும் வேண்டும். கொடுக்கப்பட்டது, நிரூபிக்க வேண்டியது, நிரூபணம் என்று சொன்னால் அவனுக்கு உடனே பிடிபடும்.

தமிழிலும் ஒரு இடத்தில் கவனம் தேவை. செங்குத்து என்ற சொல்லை நேராக மேலே நிற்பதற்கும் சொல்கிறோம், ஒரு கோட்டுக்கு 90 பாகையில் நிற்பதற்கும் சொல்கிறோம். இங்கிலீஷில் முதலாவது 'வெர்டிக்கல்', இரண்டாவது 'பெர்பெண்டிகுலர்'. சாய்ந்த கோட்டுக்கும் பெர்பெண்டிகுலர் போடலாம், அப்போது அதுவும் சாய்ந்துதான் இருக்கும். இதைப் புரியவைக்க, படம் போட்ட தாளைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். முக்கோணத்தின் அடிப்பக்கமும் அப்படித்தான், எப்போதும் கீழேயே இருக்கவேண்டும் என்பதில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? ஒரு நோட்டில் இடப்பக்கம் படம். வலப்பக்கம் அதன் தமிழ்ப் பெயர், இங்கிலீஷ் பெயர், அப்புறம் அந்தச் சொல் வருகிற ஒரு முழு வாக்கியம். வாக்கியத்தைப் பாடப்புத்தகத்திலிருந்தே எடுக்கட்டும். ஒரு நாளைக்கு நாலு சொல் போதும். ராத்திரி நீங்கள் அந்த நோட்டை வைத்துக்கொண்டு, "ஒரு கோட்டுத்துண்டு போடு, அதற்கு மையக்குத்துக்கோடு வரை" என்று தமிழில் சொல்லுங்கள் (கோட்டுத்துண்டை நடுவில் 90 பாகையில் வெட்டும் கோடுதான் அது). அவன் கவராயத்தை எடுத்து வரையட்டும். வரைந்து முடித்ததும் தான் செய்ததை இங்கிலீஷில் வாய்விட்டுச் சொல்லட்டும். படம் சரியா என்று பார்க்க உங்களுக்கு இங்கிலீஷ் வேண்டாம். தம்பி தங்கை இருந்தால் இன்னும் நல்லது: ஒருவர் படத்தைக் காட்டாமல் வாயால் விவரிக்க, இன்னொருவர் கேட்டு வரையட்டும். விவரிக்கும்போதுதான் எந்தச் சொல் இன்னும் வரவில்லை என்பது தெரியும்.

மகாராஷ்டிர மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் கணக்கு இரண்டு பாகம், இரண்டாவது பாகம் ஜாமெட்ரி. அதற்கு முன்னால் உங்களுக்கு முழுசாக ஒரு வருஷம் கையில் இருக்கிறது. பயப்படாதீர்கள்.

கேள்வி: நான் தச்சு வேலை செய்கிறேன். படிப்பு குறைவு. மகள் ஏழாவது. அவளுக்கு ஜாமெட்ரி சொல்லிக்கொடுக்க என்னால் முடியுமா? அவள் டீச்சர் வகுப்பில் பாதி மராத்தியில் பேசுவதும் குழப்பமாக இருக்கிறதாம்.
– ஒரு வாசகர், செம்பூர்

பதில்: அண்ணா, தாராளமாக முடியும். கதவு நிலை அடித்ததும் மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்ப்பீர்களே, எதற்கு? எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தும் நிலை கோணிப் போகலாம். அப்படிக் கோணியது இணைகரம், இங்கிலீஷில் பேரலலோகிராம். இரண்டு மூலைவிட்டமும் சமமாக வந்தால் அது செவ்வகம். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு பட்டியை ஆணியில் கோத்து அசைத்துக் காட்டுங்கள், பக்க அளவு மாறாமலே மூலைவிட்டங்கள் மாறுவதை அவளே அளக்கட்டும். மூலைமட்டம் இல்லாத இடத்தில் ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பதும் ஜாமெட்ரிதான். அந்த 5 அடிதான் கர்ணம், ஹைப்பாட்டனூஸ். 9-உம் 16-உம் கூட்டினால் 25 என்று அவள் பின்னால் பிதாகரஸ் தேற்றத்தில் படிப்பாள்.

மராத்திச் சொற்கள் பலவும் நமக்குத் தூரமில்லை. கோன், த்ரிகோண் என்றால் கோணம், முக்கோணம். சமாந்தர் என்றால் இணை, காட்கோன் என்றால் செங்கோணம், த்ரிஜ்யா என்றால் ஆரம், வ்யாஸ் என்றால் விட்டம். ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை: மராத்தியில் 'கர்ண' என்ற ஒரே சொல் கர்ணத்துக்கும் மூலைவிட்டத்துக்கும் வரும். இந்தியில் மூலைவிட்டம் 'விகர்ண்'. முதல் பதிலில் சொன்ன மாதிரி அவளும் ஒரு நோட்டுப் போட்டு, அதில் இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: யூடியூபில் பார்த்த பாடத்தில் 'ட்ரபிஸாய்ட்' என்றார்கள். புத்தகத்தில் 'ட்ரபீஸியம்' இருக்கிறது. பரீட்சையில் எதை எழுத?
– பத்தாம் வகுப்பு மாணவி, சயான்

பதில்: ட்ரபீஸியம் என்றே எழுது, கண்ணு. ஒரு ஜோடி எதிர்ப்பக்கம் இணையாக உள்ள நாற்கரம், தமிழில் சரிவகம். நீ பார்த்தது அமெரிக்கப் பாடமாக இருக்கும். அவர்கள் அதை ட்ரபிஸாய்ட் என்பார்கள். எந்தப் பக்கமும் இணையாக இல்லாத நாற்கரத்தைத்தான் அங்கே ட்ரபீஸியம் என்பார்கள். படம் பார்த்துப் புரிந்துகொள்வதற்கு அந்த வீடியோ உதவும், பெயரை மட்டும் உன் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்.