நாடி 46 என்றால் உடனே பேஸ்மேக்கரா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 67. கண்புரை ஆபரேஷனுக்கு முன் எடுத்த இ.சி.ஜி.யில் ‘சைனஸ் பிராடிகார்டியா, நாடி 46’ என்று வந்தது. மயக்கமோ தலைசுற்றலோ இல்லை. பி.பி.க்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார், கண் நீர் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து விடுகிறார். ‘சைனஸ் நோடு கெட்டுவிட்டது, இந்த வாரமே பேஸ்மேக்கர் வைத்துவிடலாம், காப்பீட்டு அட்டையைக் கொடுங்கள்’ என்று லேபில் அறிமுகமான ஒருவர் அவசரப்படுத்துகிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ‘சைனஸ் பிராடிகார்டியா’ என்றால், துடிப்பைக் கிளப்பும் சைனஸ் நோடு மெதுவாக ஓடுகிறது என்றுதான் பொருள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், சைனஸ் நோடு கெட்டுப்போனது என்று சொல்ல ஆதாரம் இல்லை. அதை மெதுவாக ஓடவைக்கும் மருந்து ஒன்று நிச்சயமாகவும், இன்னொன்று அநேகமாகவும் உடம்புக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

இதயத்தின் வலது மேலறையில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில், இரண்டு செ.மீ.க்கும் குறைவான நீளத்தில் ஒரு திசு இருக்கிறது. 1907-ல் கீத், ஃபிளாக் என்ற இருவர் விவரித்த சைனஸ் நோடு அதுதான். ஒரு துடிப்பு முடிந்ததும் இதன் செல்களுக்குள் சோடியம் சிறுகச் சிறுகக் கசியும். குழாயடியில் வைத்த குடம்போல மின்னழுத்தம் ஏறி விளிம்பைத் தொட்டதும் கால்சியம் உள்ளே பாயும். அடுத்த துடிப்பு கிளம்பிவிடும். குடம் எவ்வளவு சீக்கிரம் நிறைகிறதோ அதுதான் நாடியின் வேகம். அட்ரினலின் குழாயைத் திறந்துவிடும், வேகஸ் நரம்பு இறுக்கும். நரம்புகளின் பிடி இல்லாவிட்டால் நோடு நிமிடத்துக்குச் சுமார் 100 முறை அடிக்கும். இதயமாற்று செய்துகொண்டவர்களுக்கு ஓய்விலும் நாடி 90, 100 என்று இருப்பது இதனால்தான். நம்முடைய 70, வேகஸ் இழுத்துப் பிடித்துவைத்த 70. ஆழ்ந்த தூக்கத்தில் 40-களுக்கு இறங்குவது நோயே இல்லை. மெட்டோப்ரோலால் அட்ரினலின் வேலையைத் தடுக்கும் மாத்திரை. அதைச் சாப்பிடுபவருக்கு 46 வருவதில் அதிசயமில்லை.

அடுத்தது அந்தச் சொட்டு மருந்து. பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் படியுங்கள். ‘டிமோலால்’ என்று இருந்தால் அதுவும் மெட்டோப்ரோலால் இனம்தான். வேறு பெயரில் வரும் கூட்டு மருந்துகளிலும் இரண்டாவது வரியில் அது ஒளிந்திருக்கும். கண்ணில் விடும் ஒரு சொட்டு இதயத்தை என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் கண்ணோர ஓட்டை வழியாக அது மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரையைப்போல முதலில் கல்லீரலில் வடிகட்டப்படுவதில்லை. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் உடம்புக்குள் போகும் அளவு வெகுவாகக் குறையும். நீங்களாக நிறுத்தினால் பார்வைக்கே ஆபத்து. கண் டாக்டரிடம் கேட்டால் லாட்டனோப்ரோஸ்ட்போல நாடியைத் தொடாத சொட்டுக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பார். மெட்டோப்ரோலாலையும் திடீரென நிறுத்தாதீர்கள், பி.பி. எகிறும், நெஞ்சுவலியும் வரலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கண் டாக்டர் சீட்டில் பி.பி. மாத்திரை இருக்காது, பி.பி. டாக்டர் சீட்டில் சொட்டு மருந்து இருக்காது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பை நம் ஓ.பி. முறை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் மாறவில்லை. ஆகவே எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு கார்டியாலஜிஸ்ட்டின் மேசையில் கொட்டுங்கள்.

அதற்கு முன் வீட்டில் ஒன்று செய்யலாம். அப்பாவை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, மணிக்கட்டில் நாடியை முழு 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது வேண்டாம். பிறகு ஆறு நிமிடம் சுறுசுறுப்பாக நடக்கவைத்து உடனே மறுபடி எண்ணுங்கள். 46 என்பது 80 பக்கம் ஏறினால் நோடு கேட்டபடி வேலை செய்கிறது. ஏறவே இல்லை, மூச்சு வாங்குகிறது என்றால் கார்டியாலஜிஸ்ட்டிடம் அதை முதலில் சொல்லுங்கள். தைராய்டு, பொட்டாசியம் ரத்தப் பரிசோதனையும் 24 மணி நேரம் உடம்பில் மாட்டி இ.சி.ஜி. பதிவுசெய்யும் ஹோல்டரும் கேளுங்கள்.

சைனஸ் நோடு மந்தத்தில், ‘இந்த எண்ணுக்குக் கீழே போனால் பேஸ்மேக்கர்’ என்று ஒரு வரம்பு கிடையாது. மயக்கம், தலைசுற்றல் போன்ற தொந்தரவு வந்த அதே நேரத்தில் நாடி நின்றதோ குறைந்ததோ பதிவாகியிருக்க வேண்டும். ‘பாஸ் இருக்கிறது’, அதாவது துடிப்புகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி இருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். வழக்கமான வேகத்தில் எடுத்த இ.சி.ஜி.யில் ஒரு பெரிய கட்டம் 0.2 வினாடி, 15 கட்டம் வெறுமையாக இருந்தால் 3 வினாடி. பகலா தூக்கமா என்றும் நேரத்தைப் பாருங்கள். ‘கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்’ (மேலறையின் மின்துடிப்பு கீழறைக்குப் போகவே இல்லை) என்று எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு. அங்கே தாமதம் கூடாது.

அட்டை கேட்பவருக்கு நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் கமிஷன். பேஸ்மேக்கர் வைத்த பிறகு லீட் என்ற அதன் கம்பி ஆயுளுக்கும் இதயத்தில் இருக்கும், பேட்டரியை எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுக்குள் மாற்ற வேண்டும், கருவியை வைத்த தோலடிப் பாக்கெட்டில் கிருமி புகுந்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். அப்போது அவர் போனை எடுக்க மாட்டார். உண்மையில் தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு இடைத்தரகர் வேண்டியதே இல்லை. மருத்துவமனையிலேயே திட்டத்துக்கான மேசை இருக்கும். அட்டையையும் ஓ.டி.பி.யையும் வெளியாள் யாரிடமும் தராதீர்கள்.

கண்புரை ஆபரேஷனை ரத்து செய்ய வேண்டாம். நாடி 46 என்பதையும் இரண்டு மருந்துகளையும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கண்ணை அழுத்தும்போது வேகஸ் வழியாக நாடி இன்னும் இறங்கக்கூடும். தெரிந்திருந்தால் நாடியை ஏற்றும் அட்ரோபின் ஊசியைத் தயாராக எடுத்துவைத்துக்கொள்வார்.