விலை சொல்லப்படாத கடிகாரம்
வாசகர் கேள்வி – பதில்

அன்பும் பணமும் ஒன்றையொன்று சந்திக்கும் பழைய சிறுகதைகளைக் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் நான்கிற்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஓ. ஹென்றியின் ‘ஞானியர் பரிசு’ கதையில் மனைவி தன் கூந்தலை விற்றுக் கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள். கணவனோ அந்தக் கடிகாரத்தையே விற்று அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்குகிறான். முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசியிருந்தால் இருவருக்கும் இழப்பே நேர்ந்திராது. இதனை அறிவுடைமை என்று ஆசிரியர் எவ்வாறு போற்றுகிறார்? – கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: 1905-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வெளிவந்த அக்கதை, ஒரு டாலர் 87 சென்ட் என்னும் தொகையோடுதான் தொடங்குகிறது. அதில் 60 சென்ட், கடைக்காரர்களிடம் கூச்சத்தோடு பேரம் பேசி மனைவி டெல்லா மிச்சம் பிடித்த ஒற்றைக் காசுகள். கணவன் ஜிம்மின் வாரச் சம்பளம் 30 டாலரிலிருந்து 20 டாலராகக் குறைந்துவிட்டது; வீட்டு வாடகைக்கே வாரம் எட்டு டாலர் போய்விடுகிறது. கூந்தலுக்கு அவளுக்குக் கிடைப்பது 20 டாலர், அதாவது கணவனின் ஒரு வார உழைப்புக்குச் சமமான தொகை. சங்கிலியின் விலை 21 டாலர். கையில் எஞ்சிய 87 சென்ட்டோடு அவள் வீட்டுக்கு விரைகிறாள். இத்தனை துல்லியமாக அவளுடைய கணக்கைக் காட்டும் ஆசிரியர், ஜிம் தன் கடிகாரத்தை என்ன விலைக்கு விற்றான் என்பதை மட்டும் கடைசி வரை சொல்லவேயில்லை.

நான் அக்கதையை மீண்டும் மீண்டும் படிப்பதற்கு இந்த மௌனமே காரணம். டெல்லாவின் முடி மறுபடியும் வளரும். வேகமாக வளரும் என்று அவளே அவனைத் தேற்றுகிறாள். பாட்டனிடமிருந்து தந்தைக்கும் தந்தையிடமிருந்து தனக்கும் வந்த கடிகாரமோ போனது போனதுதான். இருவரின் இழப்பும் சமம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும்போது, திரும்பப் பெற முடியாததைக் கொடுத்தவன் விற்றுவிட்டேன் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்து, இரவுச் சமையலைத் தொடங்கும்படி மனைவியிடம் புன்னகையோடு கூறுகிறான். பேசியிருந்தால் பொருள்கள் தப்பியிருக்கும் என்று தாங்கள் சொல்வது சரியே. ஆனால் அந்த ஆமையோட்டுச் சீப்புகள், வாங்க முடியும் என்ற நம்பிக்கையே இல்லாமல் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று டெல்லா நெடுநாள் பார்த்து ஏங்கியவை. அந்த ஏக்கத்தை ஒருவன் கவனித்து மனத்தில் வைத்திருந்தான் என்று அவளுக்குத் தெரியவருகிறதே, அதைப் பயனற்ற பரிசு என்று என்னால் சொல்ல இயலவில்லை.

கேள்வி: மாப்பசானின் ‘நெக்லஸ்’ கதை, ஆடம்பரத்துக்கு ஆசைப்பட்ட பெண்ணுக்குக் கிடைத்த தண்டனை என்றே எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. தாங்களும் அவ்வாறே கருதுகிறீர்களா? – ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: அவ்வாறு கருதவில்லை. 1884-இல் வெளியான அக்கதையை நாம் மெத்தில்தின் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். அவள் கணவன் லுவாசெலை ஒருமுறை பின்தொடர்ந்து பாருங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். கல்வி அமைச்சகத்தில் சாதாரண எழுத்தரான அவன், ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு வேட்டைக்குப் போவதற்காக ஒரு துப்பாக்கி வாங்க நானூறு ஃபிராங்க் சேர்த்து வைத்திருக்கிறான். விருந்துக்கு உடை வேண்டும் என்று மனைவி கேட்கும் தொகையும் அதே நானூறு. அவன் முகம் சற்றே வெளுக்கிறது, ஆயினும் கொடுத்துவிடுகிறான். அவள் விருந்தில் எல்லோர் கண்ணையும் கவர்ந்து நடனமாடும் இரவில், நள்ளிரவு முதல் அவன் ஒரு சிறிய அறையில் வேறு மூன்று கணவர்களோடு உறங்கிக்கொண்டிருக்கிறான். தோழியிடம் இரவலாக வாங்கிய நகை தொலைந்தது தெரிந்ததும், வந்த வழியெல்லாம் நடந்தே தேடிவிட்டுக் காலை ஏழு மணிக்கு வெறுங்கையோடு திரும்புபவனும் அவனே. புதிய நகையின் விலை 36,000 ஃபிராங்க். தந்தை விட்டுச்சென்ற 18,000 ஃபிராங்கை அப்படியே எடுத்து வைக்கிறான். மீதிக்கு வட்டிக்காரர்களிடம் கையெழுத்திடுகிறான். இரவுகளில் பக்கத்துக்கு ஐந்து சூ (பிரெஞ்சுச் சில்லறைக் காசு) என்ற கூலிக்குப் படியெடுத்து எழுதுகிறான். இப்படிப் பத்து ஆண்டுகள்.

இத்தனை பெரிய தியாகத்தைச் செய்த அவன்தான் அந்தப் பத்தாண்டுத் துன்பத்துக்கும் வாசல் திறந்துவிட்டவன் என்பதே கதையில் என்னை மிகவும் வருத்தும் இடம். நகையின் கொக்கி உடைந்துவிட்டது, பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறோம் என்று தோழிக்குக் கடிதம் எழுதச் சொன்னது அவனே. மெத்தில்து அவன் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால், தொலைந்தது போலி நகை, அதிகம் போனால் ஐந்நூறு ஃபிராங்க் பெறும் என்ற மறுமொழி வந்திருக்கும். அவமானத்துக்கு அஞ்சிச் சொன்ன ஒரு பொய்யை மெய்யாக்குவதற்கு ஒரு நல்ல மனிதனின் இளமை முழுவதும் செலவாகிறது. டெல்லாவும் ஜிம்மும்கூட ஒருவருக்கொருவர் மறைத்தவர்களே. ஆனால் அவர்களுடைய இரகசியம், தான் கொடுப்பதை மற்றவர் அறியாதிருக்க வேண்டும் என்பதற்காக எழுந்தது, அன்று மாலையே வெளிப்பட்டும் விட்டது. லுவாசெலின் இரகசியம், தன் வறுமையை ஊர் அறியாதிருக்க வேண்டும் என்பதற்கானது. உண்மை வெளியாகும் இறுதிக் காட்சியில் அவன் இல்லை. மெத்தில்து அந்தச் செய்தியோடு வீட்டுக்குத் திரும்பி அவனிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கதைகளில் பெண்ணின் தியாகத்தைப் புகழ்ந்து புகழ்ந்தே நம்மைப் பழக்கிவிட்டார்கள். அந்தப் புகழ்ச்சியை மறுத்த தமிழ்ச் சிறுகதை உண்டா? – வாசகி ஒருவர்

பதில்: புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ உண்டு, 1934-இல் எழுதப்பட்டு மணிக்கொடி இதழில் வந்தது. ஆலையில் வேலை செய்யும் அம்மாளுவின் கணவன் ஜட்கா வண்டிக்காரன். வண்டியிலிருந்து விழுந்து அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால் கஞ்சி வேண்டும், வீட்டில் காசு இல்லை. தன்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த ஒருவனோடு அவள் இருட்டுச் சந்தில் மறைகிறாள். முக்கால் ரூபாய் கிடைக்கிறது. கற்பைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்களை நேருக்கு நேர் பார்த்துக் கேட்கும் வரிகளோடு கதை முடிகிறது.

அம்மாளு செய்ததைத் தியாகம் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை. பரிசு கொடுக்காமலே இருந்துவிடவும் டெல்லாவுக்கு இடம் இருந்தது. அவ்வாறு இருந்திருந்தால் அந்தக் கிறிஸ்துமஸ் சற்றே வாடியிருக்கும், அவ்வளவுதான். மறுப்பதற்கு இடம் இருந்ததனால்தான் அவள் கொடுத்தது கொடையாகிறது. அம்மாளுவுக்கு அந்த இடம் எங்கே இருந்தது? மறுத்தால் கணவன் பசியோடு கிடப்பான். வறுமை பறித்துக்கொண்டதை அவள் மனமுவந்து அளித்ததாகச் சொல்லிப் போற்றுவது, பறித்தவர்களைக் காப்பாற்றும் பேச்சாகிவிடும். புதுமைப்பித்தன் அவளை வணங்கவும் இல்லை, பழிக்கவும் இல்லை. கூலியின் அளவை மட்டும் சொல்லி, அந்தக் காசு எதற்காக என்பதையும் சொல்லிவிடுகிறார். அவர் அத்தோடு நிறுத்திக்கொண்டதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கேள்வி: பத்து வயது மகனுக்கு இவ்வகைக் கதைகளில் எதை முதலில் படித்துக் காட்டலாம்? – தந்தை ஒருவர்

பதில்: தயங்காமல் பிரேம்சந்தின் ‘ஈத்கா’வைப் படித்துக் காட்டுங்கள். 1933-இல் வெளிவந்த கதை. தாய் தந்தையற்ற சிறுவன் ஹமீது மூன்றே பைசாவோடு பெருநாள் சந்தைக்குப் போகிறான். கூட வந்த பிள்ளைகள் இராட்டினம் ஏறுகிறார்கள், மிட்டாய் தின்கிறார்கள், மண் பொம்மைகள் வாங்குகிறார்கள். அவனோ, தோசைக்கல்லிலிருந்து ரொட்டியை எடுக்கும்போதெல்லாம் பாட்டியின் விரல் சுடுவதை நினைத்து, ஆறு பைசா சொன்ன இரும்பு இடுக்கியை மூன்று பைசாவுக்குக் கேட்டு வாங்கி வருகிறான். திரும்பும் வழியில் அந்த இடுக்கியின் பெருமையைப் பேசிப் பேசியே நண்பர்களின் பொம்மைகளை அவன் வென்றுவிடும் பகுதியை உங்கள் மகன் சிரித்துக்கொண்டே கேட்பான். அங்கே அவசரப்படாமல் நிதானமாகப் படியுங்கள். ஒன்றும் தின்னாமல் குடிக்காமல் இதையா வாங்கி வந்தாய் என்று முதலில் மார்பில் அடித்துக்கொள்ளும் பாட்டி அமீனா, காரணம் அறிந்ததும் சிறு குழந்தையைப் போல அழத் தொடங்குகிறாள். பாட்டி எதற்காக அழுகிறாள் என்பது ஹமீதுக்கு விளங்குவதில்லை. உங்கள் மகனும் அதையே கேட்டால், உடனே விடை சொல்லிவிடாமல் அவனையே சற்று நேரம் யோசிக்க விடுங்கள்.