மூன்று முறை ஒரே நிலை வந்தும் டிரா இல்லையா?

அண்ணாச்சி, நாகர்கோவில் சதுரங்கப் போட்டியில் ஒரே நிலை (பலகையில் காய்கள் நிற்கும் அமைப்பு) மூன்றாம் முறை வந்ததும், உங்கள் மகள் காயை நகர்த்தி கடிகாரத்தை அமுக்கிவிட்டு எதிராளியிடம் "டிரா" (சமன்) என்றாள், நடுவர் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறீர்கள். நடுவர் செய்தது சரிதான். அவள் சொன்னது வெறும் டிரா அழைப்பு, எதிராளி மறுக்கலாம்.

டிராவை உரிமையாகக் கோருவது வேறு. தன் முறை வரும்போது, காயைத் தொடாமல், மூன்றாவது தடவை அந்த நிலையை உண்டாக்கும் நகர்வை முதலில் நகர்வுகளைக் குறிக்கும் தாளில் எழுத வேண்டும். பிறகு கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிட வேண்டும். எதிராளியின் நகர்விலேயே மூன்றாம் முறை வந்துவிட்டால் எழுதவும் வேண்டாம், நேரே கோரலாம். காயைத் தொட்டால் அந்த முறைக்கு உரிமை போச்சு.

பிள்ளைகள் சறுக்கும் இடம் எண்ணிக்கைதான். மூன்றும் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. ஆனால் நகர்த்தும் முறை ஒரே ஆளுடையதாக, கோட்டை கட்டும் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்தும்) உரிமையும் மாறாததாக இருக்கணும். ஒரே நிறத்து இரண்டு குதிரைகள் இடம் மாறி நின்றாலும் அதே நிலைதான்! தப்பாகக் கோரினால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், எழுதிய நகர்வையும் ஆடியே தீரணும்.

ஐந்து தடவை வந்தால் யாரும் கேட்காமலே நடுவர் டிரா ஆக்குவார்.